டிராயிங் வாத்தியார் தின்ற அதிரசம்

— நூத்தம்பது ரூபாயா? என் மானத்துக்கு நீ கட்டின வெலை இதானாடா, தாமோதரா?

— லட்சுமக்கா, அது நான் வரைஞ்ச படத்தோட விலைக்கா. சித்தூர் பொருட்காட்சியில அவங்க ஒட்டின சீட்டு.

— அங்கதான் நானும் பாத்தேன். ஊரே சிரிச்சிக்கினு நிக்கிது. நானும் சிரிச்சிக்கினே கிட்டப் போனேன். பாத்தா, வாசப்படியில சித்தி, உங்கம்மாதான், வெளக்கமாத்தால ஒரு பொண்ணை மொத்தறா. அந்தக் கோணவகிடு பொண்ணு நானு!

— ஆமாக்கா. லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தியே, அப்போ.

— உள்ள ஆட்டுக்கல்லு மேல ஏறி, உறிப்பானையில கை வுட்டுக்கினு, கன்னம் உப்பிக்கினு நிக்கிறானே, அவன் யாரு?

— நான்தான்.

— அடப் பாவி! புரட்டாசி சனிக்கெழம பெருமாளுக்குப் படைக்கறதுக்கு முன்னாடி அதிரசம் துன்னவன் நீ. திருடிப் பட்டம் எனக்கு. இன்னிக்கும் நான் கார்வேட்டிநகரம் வந்தா சித்தி சாவிக்கொத்தை இடுப்புல சொருகிக்கிறா.

— வாயால சொல்ல தைரியம் வரலக்கா. டிராயிங் வாத்தியாருக்குத் தெரிஞ்சது பிரஷ் ஒண்ணுதான். அதான் வரைஞ்சேன்.

— எல்லை வழக்குல ரெண்டு சர்க்காரும் திருத்தணி உனக்கு, சத்தியவேடு எனக்குன்னு பேசி முடிச்சிக்கினாங்க. நம்ம வழக்குக்கு இன்னா சொல்றே?

— நூறு ரூபாய்க்கு எடுத்துக்கோ.

— புத்தூர் மண்டியில வெல்லம் விக்கிறவகிட்டயே பேரமா? அடி வாங்கினதும் நானே, காசு குடுக்கறதும் நானேவா?

— சரி, சும்மாவே எடுத்துக்கோ.

— படத்தோட மரச்சட்டம்?

— சட்டத்தோடதான்.

— ஜட்கா கூலி?

— நானே குடுக்கறேன். அம்மாகிட்டயும் நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். அழுதுட்டாங்க. உனக்குன்னு புடவை எடுத்து வெச்சிருக்காங்க.

— புடவை வேறயா! சரி, நீ ஏண்டா கண்ணைத் தொடச்சிக்கிறே?

— இருபத்தெட்டு வருஷமா எனக்கு அதிரசம் தொண்டையில எறங்கலக்கா. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு.

— ஐய, மொதல்ல படத்தை ஜட்காவுல ஏத்து... கயிறு கட்டிட்டியா? நல்லா இறுக்கு. ஆங், இப்ப சொல்லு. நீ கை வுட்டப்போ பானையில எத்தினி இருந்துச்சு?

— மூணு.

— சித்தி சுட்டு வெச்சது பன்னண்டு. மிச்சம் எங்க போச்சுன்னு ஒருநாளாச்சும் யோசிச்சியாடா, வாத்தியாரே?

— அக்கா! அடிப்பாவி அக்கா! அப்பாடா... இத்தனை வருஷமா பாறாங்கல்லைச் சுமந்துக்கினு திரிஞ்சேனே!

— எறக்கி வெச்சிட்டுப் போய் அதிரசம் துன்னு. நான் ஒம்பது துன்னேன், ஒம்பது அடி வாங்கினேன், நேராப் போச்சு. உன் மூணுக்குத்தாண்டா அடி பாக்கி.