முருகன் குன்றுக்கு இரண்டாம் வெட்டு

சபைக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய சந்தானம் அவர்களே! இந்த மராட்டிய மண்ணுக்கு வந்து, தாபோடியில் ஆலைச் சங்கு கேட்டு எழுந்து, பிள்ளைகளை ஆளாக்கிய பெரியோர்களே! கராடியிலிருந்து கணினியை மூடிவிட்டு ஓடிவந்த கண்மணிகளே! கொதிக்கும் வெயிலிலும் பால்குடம் சுமந்து பாதம் சலிக்காத தாய்மார்களே! எழுத்தறியாத இந்தக் கிழவனின் வணக்கம்.

தீர்மானத்தைத் தலைவர் வாசித்தார், காதால் கேட்டேன். குன்றின் மேலுள்ள நம் முருகன் கோயில் வாசல்வரை கார் போக வேண்டுமாம். அதற்காக மழைக்கு முன்னே மலையை மறுபடி வெட்ட வேண்டுமாம். சம்மதிப்போர் கை தூக்க வேண்டுமாம்.

தூக்குமுன் கேளுங்கள்.

கோயில் கட்டியபோது கல்லைச் சுமந்தது யார்? நாம்! மணலைச் சுமந்தது யார்? நாம்! அபிஷேகத் தண்ணீர் தந்தது யார்? அடிவாரத்து வாடியில், அந்தச் சின்னக் குடியிருப்பில் வாழும் மராட்டிக்கார அம்மா சகுபாய்! அவர் வீட்டுப் பின்புறத்து ஊற்றில், கிருத்திகைதோறும் முதல் குடத்தை அவரே மொண்டு தருவார். “துமச்சா தேவ், ஆம்ச்ச பாணி” என்பார். உங்கள் சாமி, எங்கள் தண்ணி என்று சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் வண்டி நிறுத்த இடம் தேடினோம். ஜேசிபிக்கு மாலை போட்டோம், பூசணிக்காய் உடைத்தோம், மலையின் விலாவை வெட்டினோம். மழை வந்தது. மண் வழிந்தது. ஆடிக் கிருத்திகையன்று சகுபாய் குடத்தோடு மேலே வந்தார். குடத்துக்குள்ளே செங்குழம்பு! சந்நிதியில் குடத்தை வைத்தார். திரும்பிப் பாராமல் இறங்கினார்.

நாம் என்ன செய்தோம்? கேன் தண்ணீர் வாங்கி முருகனைக் குளிப்பாட்டினோம். மலைக்குச் சொந்தக்காரனுக்குக் கடைத் தண்ணீர்!

சிரிக்காதீர்கள். அன்றைக்கு அர்ச்சகர் அழுதார்.

இப்போது வெட்டப்போகும் பக்கம் எது? சகுபாய் வீட்டுக்கு நேர் மேலே! வேரும் புல்லும் கட்டிவைத்த மண்ணை நாம் அவிழ்த்துவிட்டால், சஹ்யாத்ரி மழை நம்மிடம் கேட்டுவிட்டா இறங்கும்? அங்கே அடுப்பு எரிகிறதே, தொட்டில் ஆடுகிறதே என்று பார்த்தா இறங்கும்?

என்னம்மா கிரிஜா? உரக்கச் சொல்லு.

“தாத்தா, முட்டி தேஞ்சவ நான் எப்படிப் படி ஏறுறது? முருகன் ஹெலிகாப்டரா அனுப்புவான்?”

நல்லாக் கேட்டே தாயே! என் முட்டியும் அதைத்தான் கேக்குது. நீ ஏற வேண்டாம்; அவன் இறங்கி வரட்டும்! வள்ளிக்காகக் காடு மேடெல்லாம் அலைஞ்சவனுக்கு நம்ம படி ஒரு படியா? கிருத்திகைக்குக் கிருத்திகை உற்சவரை அடிவாரத்துக்கு எழுந்தருளப் பண்ணுவோம்.

ஏற முடிந்தவருக்குப் பழைய படியைச் செப்பனிடுவோம், கைப்பிடி வைப்போம். வெட்டிய விலாவில் கல் அடுக்குவோம், புல் நடுவோம், ஊற்றைத் தூர்வாரிக் கொடுப்போம். சாலை யோசனை சொன்ன ராம்பிரசாத் தம்பி, வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலை நின்றால் மண் நிற்கும். மண் நின்றால் மனை நிற்கும். அதற்குப் பிறகல்லவா நம் வளர்ச்சி நிற்கும்! மேலே இருப்பவன் வளர, கீழே இருப்பவள் புதைவதா? அதைக் குமரன் பார்த்துக்கொண்டு நிற்பதா?

சகுபாய் இதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான்தான் அழைத்தேன். தமிழ் தெரியாது. கூட்டம் முடிந்ததும், “காய் டர்ல, பாபா?” என்பார். என்ன முடிவாச்சு என்று என்னைக் கேட்பார். மராட்டியில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. என்ன சொல்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. மலைக்கு மேலிருப்பவனுக்கும் கீழிருப்பவர்களுக்கும் என் வணக்கம்.

தலைவரே, இப்போது கேளுங்கள்: யார் கை தூக்குகிறார்கள்?