கொட்டகைத் தொட்டித் தண்ணி

— அதுக்காக, பொம்பளை ஆளுக அம்புட்டுப் பேரு முன்னாலயும் சட்டையக் கிழிச்சு, முடியப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயித் தொட்டியில முக்குவியா, ராணி? நான் மேஸ்திரி.

— மேஸ்திரின்னா ஆசிட்டு சலாம் போட்டுட்டுப் போயிருமா? கேனைத் தொறக்கையில கண்ணாடி போடுங்கன்னு சொன்னேன். கேட்டீங்களா? மூஞ்சி பூரா தெறிச்சிருச்சு.

— கூட வேலை பாத்த யோகராஜ் சுண்ணாம்பு கொண்டாந்தான்ல. ஆசிட்டுக்கு அதான் முறிவு. அதையும் தட்டி விட்டுட்ட.

— வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பைக் கண்ணுல அப்பவா? ரெண்டும் சேந்தா இன்னும் சூடு கெளம்பும். சுண்ணாம்பு ஆசிட்டை விட ஆழமா எறங்கும்.

— டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

— டாக்டருக்கா படிக்கணும்? தெனம் ரப்பர் பால்ல ஆசிட்டு கலக்குறோம். என்னாகுது? ஒறைஞ்சு போகுது. ஒறைஞ்சதைத் திரும்பப் பாலாக்க ஏலுமா? தோலும் அப்படித்தான் ஒறையும். கழுவுற வரைக்கும் உள்ள வேலை பாத்துக்கிட்டே இருக்கும். சட்டையில ஊறினதும் சுடும், அதான் கிழிச்சேன்.

— இமையப் பிரிச்சு வச்சு அரை மணி நேரம் ஊத்துனியே, பாவி. ஒன்னைய மிதிச்சேன்.

— மிதிச்சீங்க. நான் விடலை. எனக்கு அதுல பெருமைதான், எங்க வேணாலும் சொல்லுவேன்.

— சரி, தண்ணி குடு.

— சிஸ்டர் வருவாங்க, குடுப்பாங்க.

— கையையாவது குடு. கண்ணுக் கட்டை அவுக்கப் போறாங்களாம்.

— சும்மா இருங்க. வார்டு பூரா ஆளு.

— போர்ட் பிளேர் வந்ததுலேருந்து நீ என்னையத் தொடவே இல்ல. கோவமா?

— இல்லங்க.

— கண்ணு தெரியலைன்னா என்ன செய்வேன், ராணி?

— நான் இருக்கேன்ல.

— அச்சா, பொன்னுத்துரை அண்ணா, நான் விஜயலட்சுமி சிஸ்டர். டாக்டர் கட்டைப் பிரிக்கச் சொல்லிட்டாரு. ஹெலிகாப்டர் வரட்டும்னு கழுவாம இருந்திருந்தா, கண்ணு கச்சால் தீவுலயே போயிருக்கும்னாரு. அக்கா ஊத்தின தண்ணிதான் முதல் மருந்து. மெதுவாத் தொறங்க, ஜல்தி வேணாம்.

— மங்கலா இருக்கு சிஸ்டர். அந்தா ஜன்னலு. ராணி, பச்சைச் சேலையா கட்டியிருக்க?

— ஆமாங்க. பச்சைதான். பச்சையேதாங்க.

— அழாத புள்ள. தோட்டத்துக்குப் போனதும் நானே சொல்லுவேன், எம் பொஞ்சாதிதான் முடியப் புடிச்சு இழுத்துத் தொட்டியில முக்கினான்னு.

— இப்ப மேஸ்திரிக்கு மானம் போகாதா?

— போகட்டும். கிட்ட வா, ஒன் மூஞ்சியப் பாக்கணும். முந்தானைக்குள்ள என்னத்த ஒளிக்கிற? ராணி, ஒன் ரெண்டு கையிலயும் எதுக்குக் கட்டு?