கிழக்கே வழிந்த பால்

— இன்று இரண்டாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு, தை முதலாம் நாள். எங்கள் குறை இதுதான். மண்சரிவு அபாயம் என்று தேயிலைத் தோட்ட வரிசை வீடுகளான இந்த லயத்தின் வாசலில் சிவப்புப் பலகை நட்டவர்கள், எங்களைப் பாடசாலை முகாமில் சில வாரங்கள் வைத்திருந்துவிட்டு, குடியிருக்க வேறு நிலம் காட்டாமல், அதே பலகைக்குப் பின்னாலேயே மீண்டும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். நிறுத்து, துஷாந்தி, நிறுத்து.

— என்ன மாமா, நல்லாத்தானே வந்துச்சு?

— "நட்டவர்கள்" என்று தொடங்கி "இறக்கிவிட்டார்" என்று முடித்துவிட்டேன். எழுவாய் பன்மையாக இருந்தால் பயனிலையும் பன்மையாக இருக்க வேண்டும். முதலிலிருந்து எடு.

— போனுல சார்ஜ் கொறஞ்சுக்கிட்டு வருது மாமா. நம்ம பேசுற மாதிரி பேசுனா ஒரே தடவயில முடிஞ்சிரும். நீங்க பேசுறதக் கேட்டா ரேடியோ நியூஸுன்னு தள்ளிவிட்டுருவாங்க.

— தள்ளட்டும். ஓய்வுபெற்றாலும் நான் ஆசிரியன். பிழையான வாக்கியத்தில் நியாயம் கேட்க எனக்கு வாய் வராது.

— அண்ணே, ஒங்க வாக்கியத்த அங்கிட்டு வச்சிட்டு இஸ்தோப்புத் திண்ணைக்கு வாங்க. பானை நுரைச்சுக்கிட்டு வருது. பதுளையில இருந்து பஸ் ஏறி வந்தது வீடியோ புடிக்கவா, தங்கச்சி வீட்டுப் பொங்கல் திங்கவா?

— இரண்டுக்கும்தான், வடிவம்மா. ஆனால் முற்றத்தில் வைக்க வேண்டிய பானையை இஸ்தோப்பில் வைத்திருக்கிறாயே?

— முத்தமெல்லாம் சேறு. விடாத மழை. சூரியன் எந்தப் பக்கம் ஏறுதுன்னே தெரியல. துஷா, இங்க வாடி! பொங்கலோ பொங்கல்!

— பொங்கலோ பொங்கல்!

— அண்ணே, பாத்தீங்களா, கெழக்கால வழியுது! இந்த வருஷம் இவளுக்குக் கல்யாணந்தான்.

— மங்கலம், மங்கலம். கிழக்கே வழிந்த பானையை விடச் சிறந்த சகுனம் வேறில்லை.

— என் மகன் கிரிஷாந்தன் வர்ற நாளாப் பாத்து இப்புடி வழிஞ்சிருக்கு. மூணு பொங்கலா கொழும்புல அந்தக் கடைக்காரன் லீவு குடுக்கல. இன்னைக்கு ரயில் ஏறிட்டானாம். தெமோதரையில எறங்கி நடந்து வந்துருவான்.

— அம்மா, லயத்துல எல்லா வீட்டுக் காம்பராவுலயும் கெழக்காலதான் வழிஞ்சிருக்கு.

— அப்பறம் என்ன, லயத்துக்கே நல்ல காலம்!

— இல்லம்மா. விடிஞ்சதுல இருந்து ஒவ்வொரு இஸ்தோப்பாப் பாத்துட்டு வாறேன். ஒரு பானைகூட வேற பக்கம் வழியல. போன வருஷம் ஆளுக்கொரு பக்கம் வழிஞ்சுச்சு. பெரியாயி அக்கா பானை தெக்கால வழிஞ்சிருச்சுன்னு ஒப்பாரி வைக்கலியா?

— தெய்வம் கொடுத்ததை ஏன் ஆராய்கிறாய்?

— கெழக்குன்னா எது மாமா? பள்ளத்துப் பக்கம்.

— அதனால் என்ன?

— இந்த எலுமிச்சம்பழத்த அடுப்புக்கிட்ட வைக்கிறேன். பாருங்க.

— ஓடுகிறது.

— நிக்காம ஓடுது. முகாமுல இருந்து வந்தப்ப நானே மட்டம் பாத்துப் பூசுன சிமெந்துத் தரை இது. தரை சாஞ்சா அடுப்பு சாயும், அடுப்பு சாஞ்சா பானை சாயும். சாமி குடுத்த சகுனம் இல்ல மாமா. மண்ணு எறங்குது.

— நல்ல நாளும் அதுவுமா பேயறஞ்ச மாதிரி பேசாதடி.

— பேயா? நீதானே சொன்ன. ராவெல்லாம் பெரியாயி அக்கா காம்பராவுல அம்மி அரைக்கிற சத்தம், தூங்கவே முடியலன்னு.

— ஆமா, அரைச்சா. வடைக்கு அரைச்சிருப்பா.

— அவங்க முந்தாநாளே மொனராகலைக்கு மக வீட்டுக்குப் போயாச்சு. காம்பரா பூட்டிக் கெடக்கு.

— அப்ப... யாரு அரைச்சா?

— பேசாதீர்கள். இப்போதும் அரைக்கிறது. வடிவம்மா, இது பக்கத்து அறையிலிருந்து வரவில்லை. நம் காலுக்குக் கீழே இருந்து வருகிறது.

— மாமா, உள்ள பாருங்க. அப்பா படம் சாஞ்ச செவுத்துல ஒட்டாம அந்தரத்துல தொங்குது.

— துஷாந்தி, லயத்திலுள்ள எல்லாரையும் கூப்பிடு. மேட்டுக் கோயிலுக்குப் போகச் சொல். ஓடு!

— சொல்லிட்டேன் மாமா. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு எல்லாரும் ஓடுறாங்க. அம்மா எங்க?

— உள்ளே இலை விரித்துக்கொண்டிருக்கிறாள். சொல்வதைக் கேட்கவே மாட்டேன் என்கிறாள்.

— படைக்காம எப்புடிண்ணே வர்றது? ஒங்க மச்சான் போனதுல இருந்து ஒரு பொங்கலுக்கும் அந்தப் படத்தப் பட்டினி போட்டதில்ல. வர்ற புள்ளையும் பூட்டுன கதவையா பாக்கணும்? நீங்க போங்க. கற்பூரத்தக் காட்டிட்டு வந்துர்றேன்.

— உன் அண்ணன் சொல்கிறேன், எழுந்திரு!

— பொறுங்கண்ணே, நெருப்புப் பெட்டி நமத்துப் போச்சு.

— துஷாந்தி, நீ அந்தக் கையைப் பிடி. இந்தக் கையை நான் பிடிக்கிறேன். இழு.

— வாம்மா! அம்மா, ஒன் கால்ல விழுறேன், வாம்மா!

— விடுடி, எலை கிழியுது!

— மாமா, கதவு தெறக்கல.

— இப்போதுதானே அதன் வழியாக வந்தோம்? யார் சாத்தியது?

— யாரும் சாத்தல. வீடு சாஞ்சதுல தானா மூடி, நெலை நெரிச்சு இறுக்கிருச்சு. நீங்களும் தள்ளுங்க!

— தள்ளுகிறேன்.

— அண்ணே... அரைக்கிற சத்தம் நின்னுருச்சு.

— ஆம். நின்றுவிட்டது.

— அம்மா!

— துஷா? துஷா, கண்ணு, எங்கடி இருக்க? ஏன் இம்புட்டு இருட்டு?

— இங்கதாம்மா. என் கைய விட்டுராத. மாமா? மாமா!

— இருக்கிறேன். இடுப்புக்குக் கீழே மண். மூச்சு விட முடிகிறது. என்ன நேரம் இருக்கும்?

— தெரியல. போன் கண்ணாடி பாதி நொறுங்கி மணி மறஞ்சிருச்சு, வெளிச்சம் மட்டுந்தான் இருக்கு. நான் இத நிறுத்தவே இல்ல மாமா, இன்னும் ரெக்கோட் ஆகிக்கிட்டே இருக்கு.

— ஷ்! என் புள்ள கொரல்! மேல கூப்புடுறான், கேக்குதா? கிரிஷாந்தா! யப்பா!

— கத்தாதம்மா, மூச்ச வச்சிக்க. நம்ம கத்துறது அங்க கேக்கல. அவங்க பேசுறது நமக்குக் கேக்குது.

— என்ன சொல்கிறார்கள்?

— "இங்க யாரும் இல்ல, அடுத்த பக்கம் பாப்போம்"னு சொல்றாங்க.

— தொடர்பு கிடைக்கிறதா?

— சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகுது. இத இப்புடியே எல்லாருக்கும் அனுப்புறேன். சொல்லுங்க மாமா. சுருக்கமாச் சொல்லுங்க.

— இதைக் கேட்பவராயினும் வாசிப்பவராயினும், நீங்கள் யாராயினும், அடுத்த பக்கம் போகாதீர்கள். நீங்கள் நிற்கிற இடத்துக்கு நேர் கீழேதான் இருக்கிறோம். தோண்டுங்கள்.