கோட்டைச் சுவரில் மூணு ஓட்டை

...இல்ல இண்டாய், பேனர் படத்துல இருக்குற அந்த மூணு ஓட்டைக்கும் கம்ப்யூட்டர் மேல பழி போடாதீங்க. மவுசு மேலயும் போடாதீங்க. இந்தப் பேனர் கடைக்காரி மெர்லிண்டா அப்படித்தான் சொல்லியிருப்பா, 'கெழவனுக்கு மவுசு புடிக்கத் தெரியல, ஓட்டை விழுந்துபோச்சு'ன்னு. நாப்பது வருஷம் இலோய்லோ துறைமுகத்துல சக்கரை மூட்டைக்குக் கொக்கி போட்ட கை இது. மவுசு என்ன பெரிய... உக்காருங்க. நாலு மணிக்குத்தான விருந்து? பேனர் அடிக்க ஒரு மணி நேரம் போதும்.

உங்க மக என்ன கேட்டுச்சு? 'பதினெட்டு வயசு ஆவுது, கல்லுக் கோட்டை வேணும், அதுக்கு முன்னால நின்னு ஆடணும்'னுச்சு. சரின்னேன். மெர்லிண்டா என்ன சொன்னா தெரியுமா? 'நோங் டோரியோ, ஒரே ஒரு கல்லு வரைங்க, காப்பி எடுத்து அடுக்கிக்கிட்டே போங்க, பத்து நிமிசத்துல கோட்டை.' எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஒரே மூஞ்சியோட எரநூறு கல்லா? முதலாளி கேக்குறது அதத்தான இண்டாய்... ஒரே மாதிரி, வாயத் தெறக்காம, வெச்ச எடத்துல கெடக்குற ஆளு. அதுக்கா நான் அன்னிக்கு வேலை நிறுத்த நோட்டீஸ் எழுதினேன், அதுக்கா ஜெயிலுக்குப் போனேன்?

அதனால ஒவ்வொரு கல்லும் தனி. தனித்தனி லேயரு, லேயருக்கு ஒரு பேரு. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க. வேலை நிறுத்த நோட்டீசுல கையெழுத்துப் போட்டது எரநூத்திப் பதினாலு பேரு, இந்தச் சுவத்துல ஆளுக்கொரு எடம். இவன் போனோய், மூக்கு பெருசு, அதான் கல்லு முன்னால துருத்திக்கிட்டு நிக்குது. இவன் ருஃபினோ, எப்பவும் தள்ளாட்டந்தான். கோபுரம் சாயுதுன்னீங்களே, இவனாலதான். நிமித்தச் சொல்லாதீங்க, அவன் பொண்டாட்டியாலயே முடியல. மூணு வாரம் ஆச்சு இண்டாய். நடுவுல ரெண்டு தடவ கரண்டு போயி... அத விடுங்க.

ஓட்டையா? வரேன், வரேன். அத்தன பேருல மூணு பேரு கருங்காலி. நாப்பத்தோராவது நாளு... வீட்டுல அரிசி இல்ல... பின்வாசல் வழியா போயி வேலைக்குச் சேந்துட்டானுங்க. அவனுங்க பேருல கல்லு வரைய எனக்குக் கை வரல. எடம் மட்டும் அப்படியே கெடக்கு. பின்னால இருக்குற ரோஸ் கலரு தெரியுது, அவ்வளவுதான்.

என்னது, பாப்பா அழுவுதா? 'எலி கடிச்ச கோட்டை'ன்னு சினேகிதிங்க சிரிப்பாங்களாமா? சரி. சரி இண்டாய், கையக் கட்டிக்கிட்டு அப்படிப் பாக்காதீங்க.

மொத ஓட்டை, க்லெட்டோ. அஞ்சு புள்ளைங்க, கடைக்குட்டிக்கு அந்த நேரம் காய்ச்சல்... இந்தா, கல்லு வெச்சாச்சு. ரெண்டாவது ஆம்ப்ரோசியோ. அவன் போயே சேந்துட்டான், செத்தவன்கிட்ட என்ன வீம்பு... வெச்சாச்சு.

மூணாவதா? கோபுரத்து உச்சியில இருக்கே, அதுவா... அது தலைவனுக்குன்னு ஒதுக்குன எடம். நோட்டீசுல மொதக் கையெழுத்து அவனோடது. பேச்செல்லாம் அவந்தான் பேசுனான். பின்வாசலுக்கும் அவந்தான் மொதல்ல போனான், மத்த ரெண்டு பேரும் அவன் பின்னாலதான் வந்தானுங்க. இப்பவும் பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல, கேட்டுக்கிட்டுத்தான இருக்கீங்க.

அத மட்டும் அடைக்கச் சொல்லாதீங்க இண்டாய். சுத்தி ஒரு சட்டம் வரைஞ்சு விட்டுடறேன். கோட்டைக்கு ஒரு சன்னலு வேணாமா... பாப்பாகிட்ட அப்படியே சொல்லிடுங்க.