இரண்டு அங்குலத் தளர்வு

"ஹலோ... ஹலோ, கேக்குதா?... ஆமா, நான்தான்... நான்தாம்மா, செக்கிங் டேபிள்... இல்ல இல்ல, வேலைக்கு வரல, வீட்டுலேருந்துதான் பேசுறேன்... வச்சிராதே. ஒரு நிமிஷம்."

வைத்துவிடுவாள் என்ற பயம் நியாயமானதுதான். ஒன்றரை மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அழைத்தவள், பெண்களுக்கான உள்ளாடை தைக்கும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகச் சரிபார்ப்பு மேசையில் நிற்பவள். தைத்து வரும் ஒவ்வொரு ஜட்டியையும் இழுத்து, விட்டு, அளந்து, தேறும் தேறாது என்று தீர்ப்பு எழுதுவது வேலை. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்குவதால் டேப்பக்கா என்று பெயர். மறுமுனையில் இருப்பவள் இடுப்பில் எலாஸ்டிக் ஏற்றித் தைக்கிறவள். தைக்கிற வேகத்துக்கு ராக்கெட் என்று பெயர். ராக்கெட் இப்போது மிஷினிலிருந்து தரையிறக்கப்பட்டு, நூல் வெட்டும் மேசையில் நாள் முழுக்க நிற்கிறாள். இறக்கியது டேப்பக்காவின் பேனா.

"சாப்டியா?... சரி... சரி... தையல் லைன்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?... ம்... அந்த ஃபேன சரி பண்ணிட்டாங்களா?... பண்ணலியா. பண்ண மாட்டாங்க... ம்... மேடமா? என்னைக்குலேருந்து நான் உனக்கு மேடம் ஆனேன்?... சரி, விடு. வாய் உன்னோடது."

மணி ஒன்று பத்து. தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் முடிய ஒன்றரைக்கு மணி அடிக்கும். அதற்குள் நலம் விசாரிப்பு, மன்னிப்பு, விஷயம் மூன்றையும் முடித்தாக வேண்டும். நடுவில் இருப்பதைத் தாண்டிக் குதித்து நேரே மூன்றாவதுக்குப் போய்விடலாம் என்பது அவள் போட்டிருந்த திட்டம்.

"எனக்கா? என்னத்தச் சொல்ல. ஒன்பது நாளாச்சு... ஆமா, கர்ப்பப்பையவே எடுத்தாச்சு... வலிதான். வலிக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. பாக்க வர்றவங்களுக்குத்தான் மாத்திரை இல்ல... ஆமா... ஆமாம்மா, ஆளுக்கொரு யோசனை. ஒருத்தி நடக்காதேங்கிறா, ஒருத்தி படுக்காதேங்கிறா. நின்னுக்கிட்டே தூங்குறதுக்கு நான் என்ன குதிரையா... ம்... ம்..."

மூன்றாவது மாடி. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். நாற்காலியின் முதுகில் நாலு ஜட்டிகள் வரிசையாகத் தொங்கின. நாலும் ஒவ்வொரு விதத்தில் தோற்றவை.

"நான் போன் பண்ணினது எதுக்குன்னா... இரு, சொல்றேன்... இந்த இடுப்புப் பட்டி இருக்குல்ல, அது சரியா தையல் போட்ட இடத்துலயே உக்காருது. குறுக்கால போட்டிருக்காங்க தையல், அடிவயித்துல. ஒக்காந்தா அறுக்குது, நடந்தா தேய்க்குது... வீட்டுல இருக்கிறது எல்லாம் நம்ம கம்பெனிதான். எல்லாம் முதல் தரம். நானே பாஸ் பண்ணினது... சிரிக்காதே. அது என்னா பிடி பிடிக்குதுங்கிற. பத்தொன்பது வருஷம் கையால இழுத்துப் பாத்தேன். ஒரு நாளும் இப்படி ஒடம்பால பாக்கல."

தளர்ச்சியாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கட்டிலில் கொஞ்சம் சரிந்து, தலையணையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். இருமல் வந்தால் அமுக்கிக்கொள்ளத் தலையணை வேண்டும். சிரிப்பு வந்தாலும் வேண்டும். சிரிப்பு ஒன்பது நாளாக வராததால் அந்த உபயோகம் இன்னும் சோதிக்கப்படவில்லை.

"போடாம இருக்கிறதா? ஏன், எனக்கு அந்த யோசனை வராதா? இன்னும் கசியுதும்மா. பேடு வைக்கணும். அது என்ன, நில்லுன்னு சொன்னா காத்துல நிக்குமா?... அதான்... யாரு, அவரா? அனுப்பினேனே. அதை ஏன் கேக்குற."

அவர் என்பது வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர். நாற்பது அடி வண்டியைப் பின்பக்கமாகவே சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய மனிதர், பெண்கள் உள்ளாடைக் கடைக்குள் நுழைய அதே தெருவை மூன்று சுற்று சுற்றியிருக்கிறார்.

"சீட்டுல எழுதித்தான் குடுத்தேன். பருத்தி, இடுப்புக்கு மேல ஏறணும், பட்டி அகலமா மெத்துன்னு இருக்கணும்னு... நடந்தது என்னன்னா, சீட்ட நீட்டுறதுக்கு வெக்கப்பட்டு, முதல்ல கைக்கு அகப்பட்டத எடுத்துட்டு வந்துட்டார். முன்னாடி ஒரு பூ வச்சிருக்கு. துணில பண்ணின பூ. தையல் மேல கரெக்டா பூ... ஆமா... ரெண்டாவது தடவை கடைக்காரப் பொண்ணு பாவப்பட்டு எதையோ குடுத்திருக்கு. அது வயித்த உள்ள தள்ளி ஒல்லியாக் காட்டுமாம். மாட்டுறதுக்கே ரெண்டு ஆள் வேணும். ஏங்க, எனக்கு ஒல்லியாத் தெரியணும்னு யார்ங்க சொன்னதுன்னு கேட்டா, உனக்கு இல்ல, பொதுவாச் சொன்னாங்கங்கிறார்... ம்... மூணாவது ரெண்டு சைஸ் பெருசு. பட்டி அப்பவும் இறுக்குது, காலு மட்டும் தொளதொளன்னு போகுது. பேடு ஒரு பக்கம் எறங்குது, மானம் ஒரு பக்கம் எறங்குது."

நாலாவதை அவளே செய்தாள். நல்ல ஜட்டி ஒன்றின் எலாஸ்டிக்கைக் கத்தரியால் நாலு இடத்தில் வெட்டிவிட்டாள்.

"வெட்டிட்டு எழுந்து நடந்தா, நான் சமையல்கட்டுக்குப் போறேன், அது வாசல்லயே நின்னுருச்சு... யாரு அது சிரிக்கிறது? அங்க யாரு?... ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? எடு அதை... எடுத்துட்டியா?... நிஜமா?... எத்தனை பேர் கேட்டாங்க?... லைனே வா. சரி. நல்லா இருங்க."

கோபப்பட்டிருக்கலாம். அதற்கும் வயிற்றில் பலம் வேண்டும். அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, தலையணையை நேராக்கிவிட்டு, மறுபடி காதில் வைத்தாள்.

"இருக்கேன், இருக்கேன்... இல்லம்மா, விளையாட்டுக்கு இல்ல. தையலோட ஒரு ஓரம் கொப்பளிச்சு நீர் விட்டிருக்கு. முந்தாநாள் நர்ஸ் பாத்துட்டு, இன்னும் தேஞ்சா வாய் பொளந்துக்கும், மறுபடி தைக்கணும்னுட்டாங்க... ஆமா, பிரிச்சுத் தைக்கிறதுதான். என்னையே திருப்பி அனுப்புற பீஸ் ஆக்கிடுவாங்க. இன்னொரு மாசம் படுக்கை... நாளைக்குக் காலைல காட்டணும். தினம் நடக்கச் சொல்லியிருக்காங்க, ரெண்டு நாளா நடக்கவே இல்ல. நடந்தாத்தானே தேய்க்குது... ம்... அதனாலதான்... அதனால உன்கிட்ட..."

கேட்க வேண்டியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல் எலாஸ்டிக் மாதிரி வெளியே வந்தது, பழையபடி உள்ளே போனது.

"அந்த லாட்டு... எந்த லாட்டா? உனக்குத் தெரியாதாக்கும்... அதுதான். உயர இடுப்பு. பெரிய சைஸ் ரெண்டும். நான் சிவப்புக் கோடு போட்டது... ஆமா. முந்நூத்திப் பன்னெண்டு."

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டும் ராக்கெட் தைத்தவை. இழுத்து விட்டால், எக்ஸ்எல்லில் இருபத்தெட்டு அங்குலத்துக்குத் திரும்ப வேண்டிய இடுப்பு, முப்பதோடு போதும் என்று நின்றுவிட்டது. இரண்டு அங்குலம் தளர்வு. டேப்பக்கா ஒவ்வொன்றின் பட்டியிலும் அழியாத மையில் கோடு இழுத்து, சிலிப்பில் காரணம் என்ற கட்டத்தில் 'தைத்தவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். ராக்கெட் நூல் வெட்டும் மேசைக்குப் போனாள். தேறாத துணியை வெளியே யாரும் விற்றுவிடாதபடி துண்டு துண்டாக வெட்டுவதும் அந்த மேசையின் வேலைதான். ஆக, தான் தைத்ததைத் தானே வெட்டும் பாக்கியமும் அவளுக்குக் கிடைத்தது.

"எல்லாத்தையும் வெட்டியாச்சா?... உண்மையச் சொல்லு, நான் ஆபீஸுக்குச் சொல்லமாட்டேன்... ம்... ம்?... கொஞ்சம்னா எத்தனை?... அடிப்பாவி. அதெல்லாம் எங்க?... யாரு, குண்டம்மாவா? அவளுக்கு எப்போ ஆபரேஷன்?... ஓ, ரெண்டாவது பிரசவம்... பட்டன் வைக்கிறவளும் போட்டிருக்காளா? அவளுக்கு என்ன?... ஒண்ணுமில்லையா? சும்மா சுகத்துக்கா?... பதினோரு பேரா? என் கண்ணு முன்னாடி பதினோரு பேர் நான் கோடு போட்டதையே மாட்டிக்கிட்டு நடமாடியிருக்கீங்க... இரு இரு. கேட்டுல பை, டிபன் பாக்ஸ் எல்லாம் திறந்து பாப்பாங்களே. எப்படி வெளியே போச்சு?... மேலயா?... தன்னோடதுக்கு மேல இன்னொண்ணு போட்டுக்கிட்டா?... ம்... அதுவும் சரிதான். அங்க யார் கை வைப்பா... என்னது, சூப்பர்வைசரா? அவருமா?... சம்சாரத்துக்கா? ஆமா, சிசேரியன்னு சொன்னாங்க... ரெண்டு வாங்கிட்டுப் போனாரா. அவர் எப்படி வாசல் கேட்டத் தாண்டிக் கொண்டு..."

சூப்பர்வைசர் கேட்டைத் தாண்டி நடக்கும் நடை கண் முன்னால் ஓடியது.

"வேண்டாம். சொல்லாதே. தெரிஞ்சுக்க வேண்டாம்."

தலையணைக்கு முதல் முறையாக அந்த வேலை வந்தது. இரண்டு கையாலும் வயிற்றோடு அமுக்கிக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் உடம்பு முழுக்க அசதி வந்து உட்கார்ந்தது.

"ஒண்ணுமில்ல. தையல் இழுத்துச்சு... ம்... மிச்சம் இருக்கா? நிஜமா?... சாயங்காலமேவா?... நீயேவா?... சரி... சரிம்மா."

அவ்வளவுதான். ராக்கெட் ஒரு நிபந்தனையும் போடவில்லை, ஒரு குத்தலும் குத்தவில்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். நடுவில் தாண்டிக் குதித்த மன்னிப்பு இப்போது பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தது. மணி ஒன்று இருபத்திரண்டு.

"இந்தா, வச்சிராதே. உன் மிஷின்ல இப்ப யாரு உக்காந்திருக்கா?... புதுப் பொண்ணா. அவ பீஸ் எப்படி வருது?... லூசாத்தானே?... எனக்குப் பதிலா நிக்கிறவ பாஸ் பண்றாளா? நாடாவே எடுக்கிறதில்லையா... ம்... நீ அன்னைக்கே சொன்னே. ரோலர் தேஞ்சுபோய் எலாஸ்டிக்க அதிகமா விடுதுன்னு... ஆமா, ரோலர் என் மேசைக்கு வராது, பீஸ்தான் வரும்னு சொன்னேன். மறக்கல... இல்ல, நீ பேசாதே, நான் சொல்லி முடிச்சிடுறேன். எனக்குத் தெரியும்டி. ரெண்டாவது கட்டுப் பீஸ அளக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. கை தப்பு பண்ணினா ஒண்ணு ஒரு இஞ்சு, இன்னொண்ணு கால் இஞ்சுன்னு வரும். முந்நூறும் ஒரே மாதிரி ரெண்டு இஞ்சுன்னா, அது மிஷின். மெக்கானிக்கக் கூப்ட்டா லைன் நின்னுடும், வாசல்ல லாரி நின்னுச்சு. கவனக்குறைவுன்னு எழுதினேன், சட்டுனு முடிஞ்சுது... ஹலோ?... இருக்கியா?"

தட்டு கழுவும் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

"ம்... ம்... ஆமா. அழுததப் பாத்தேன். பாக்காத மாதிரி போனேன்... சூப்பர்வைசர் அங்க இருக்காரா?... குடு அவர்கிட்ட... குடுடி... வணக்கம் சார். நல்லா இருக்கேன்... இல்ல சார், இன்னும் ஒரு மாசம் ஆகும். அந்த முந்நூத்திப் பன்னெண்டு சார்... ஆமா, அந்தச் சிலிப்பு. காரணம் தப்பா எழுதிட்டேன். ரோலர்தான்... என் கையெழுத்துதான், நான்தான் சொல்றேன்... நான் வந்தப்புறமா? எதுக்கு சார், இன்னைக்கே மெக்கானிக்க விட்டுப் பாருங்க. அந்தப் பொண்ண மிஷின்ல உக்கார வைங்க... ஆபீஸ்ல கேட்டா என் பேரச் சொல்லுங்க... அது கஷ்டமா... ஓஹோ... ம்... சரி சார். அது இருக்கட்டும். வீட்ல எப்படி இருக்காங்க? கொழந்த நல்லா இருக்கா?... சந்தோசம். அவங்களுக்குத் தையல் போட்ட எடத்துல உறுத்தல் ஒண்ணும் இல்லையே?... இல்ல, சும்மா கேட்டேன். பட்டி எல்லாம் மெத்துன்னு இருக்கா?... ஹலோ?... ஹலோ சார்?"

மறுமுனையில் ஒரு மனிதர் தன் கௌரவத்தை நிதானமாக எடைபோட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கேவா. ரொம்ப நன்றி சார்... சேச்சே, நான் யார்கிட்ட சொல்லப்போறேன்... அவகிட்ட குடுங்க."

மணி ஒன்று இருபத்தெட்டு.

"என்னடி பண்ணினார்?... முகம் எப்படி இருந்துச்சு?... நாளைக்கு உக்காந்துரு. முதல்ல ரோலரப் பாரு, அப்புறம் தை... என்ன சொன்னே?... இல்ல, அதுக்கு முன்னாடி. என்ன சொல்லிக் கூப்ட்டே?... ஒண்ணுமில்ல. சரியா கேக்கல, அதான்."

நன்றாகவே கேட்டிருந்தது. அக்கா என்றுதான்.

"சைஸா? எக்ஸ்எல்... சரி, டபுள் எக்ஸ்எல். மெதுவாச் சொல்லு... கோடா? அது போகாதுடி. எந்தச் சோப்புக்கும் போகாத மைதான் வேணும்னு சண்ட போட்டு வாங்கினவ நான்... இருக்கட்டும். நான் இழுத்தது, நானே போட்டுக்கிறேன்... மூணா? மூணு எதுக்கு?... மாத்துறதுக்கா. அதுவும் சரிதான். மூணையும் ஒண்ணு மேல ஒண்ணாவா மாட்டிட்டு வரப்போற?... உன்னோடத சேத்தா நாலாச்சேடி. இங்க மூணு மாடி ஏறணும், லிப்ட் கெடையாது. காலு வளையுமா உனக்கு?... இல்ல இல்ல, நீ முழுசா ஏறாதே. நீ கீழ நின்னு குரல் குடு. நான் ஒரு மாடி எறங்கி வர்றேன்... அட, நடக்கத்தானே சொல்லியிருக்காங்க. கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு வர்றேன், நீயும் பிடிச்சுக்கிட்டு ஏறு, ரெண்டு பேரும் மெதுவா..."

தொழிற்சாலை மணி போன் வழியாகவே காதைக் கிழித்தது.

"ஹலோ?... மணி அடிச்சிட்டானா?... சரி, போ, ஓடு... ஹலோ?"