ஞாயிற்றுக்கிழமை ஓலை

— நிறுத்துங்கப்பா. அந்த வரியை இன்னொரு தடவை படிங்க.

— எதை? ‘நம்மைக் கேட்காமல் நம் மேல் வரி போட லண்டனில் இருப்பவர்களுக்கு உரிமையில்லை’ங்கறதா? நல்லா இருக்கில்ல லிடியா? நாளைக்கு ஊர்க்கூட்டத்துல இந்த இடத்துல மேஜையை ஓங்கித் தட்டப்போறேன்.

— நாளைக்குத் தட்டுங்க. இப்ப தட்டினா கஷாயம் கொட்டிடும்.

— கொட்டட்டும்! ராஸ்பெரி இலையைக் கொதிக்கவெச்சு டீன்னு குடுக்கறா உங்கம்மா. பாஸ்டன்ல கப்பல்ல ஏறி வரி போட்ட தேயிலை அத்தனையையும் கடல்ல கொட்டினாங்களே, அவங்க கையில முத்தம் குடுப்பேன். ஆனா ஒரே ஒரு பெட்டி, நம்ம ஊர் ஆத்துப் பக்கமா ஒதுங்கியிருக்கக் கூடாதா?

— அப்பா, பேச்சை மாத்தாதீங்க. கேட்காம வரி போடக்கூடாது. ஆனா கேட்காம பொண்ணை லெமுவேல் கிரேனுக்குக் கட்டிவைக்கலாமா?

— அது வேற, இது வேற. நான் உன்னைப் பெத்த அப்பன்.

— ராஜாவும் அதைத்தான் சொல்றார். நான் அப்பன், நீங்கல்லாம் என் பிள்ளைங்கன்னு. போன வாரம் அதைக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சது யாரு?

— கிரேனுக்கு என்னடி குறைச்சல்? சொந்த மில்லு. தங்கமான மனுஷன். பெண்டாட்டி போனதுக்கப்புறம் பாவம், ஆறிப்போன சோள ரொட்டியைத் தின்னுட்டுக் கிடக்கறான்.

— ஒரு குறைச்சலும் இல்ல. என்னைவிட இருபத்தாறு வயசு மூத்தவர், அதைக்கூட விடுங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— இப்ப கேட்டு என்ன ஆகப்போகுது? குமாஸ்தாகிட்ட பேர் குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை சபையில உங்க கல்யாண ஓலையை வாசிக்கப்போறார்.

— வாசிக்கட்டும். வாசிச்சு முடிச்சிட்டு, ஆட்சேபனை இருக்கறவங்க எழுந்து சொல்லலாம்னு கேப்பார்ல? அப்ப எழுவேன்.

— யாரு?

— நான்தான். கல்யாணப் பொண்ணு எழக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

— கெசியா! கெசியா, இங்க வா! உன் பொண்ணு பேசற பேச்சைக் கேளு!

— கேட்டுட்டுதான் இருக்கேன். சுவருக்கு அந்தப் பக்கம்தானே மாவு பிசையறேன்? ஊர்க்கூட்டத்துக் குரலை வீட்டுக்குள்ள எடுக்காதீங்கன்னு எத்தனை தரம் சொல்றது.

— சபை நடுவுல எழுந்து நின்னு மாட்டேன்னு சொல்லுவாளாம்!

— சொல்லட்டுமே. ஊர்க்கூட்டத்துலதான் பொம்பளைங்க வாயைத் திறக்க விடமாட்டேங்கறீங்க. சபையிலயாவது திறக்கட்டும்.

— இந்த ஊர்ல எந்தப் பொண்ணாவது...

— வாக்கியத்தை முடிங்க பாப்போம்.

— அம்மா? யாராவது அப்படி நின்னிருக்காங்களா?

— நின்னிருக்கா. பத்தொம்பது வயசுல, இதே சபையில, மூணாவது பெஞ்சுல. உன் அம்மாதான்.

— நீங்களா! மாப்பிள்ளை யாரு?

— லெமுவேல் கிரேன்.

— அதே கிரேனா? அப்பா, ஏன் முகம் பீட்ரூட் மாதிரி ஆகுது?

— கெசியா, இதைக் குழந்தைகிட்ட சொல்லணுமா? சரி, கேளும்மா. அவன் கட்டிக்க இருந்தவளை நான் கட்டிக்கிட்டேன். அவன் முகம் சுளிக்கல. இன்னைக்கு வரைக்கும் என் சோளத்தை முதல்ல அரைச்சுக் குடுக்கறான், கையைப் பிடிச்சுக் குலுக்கறான். ஒவ்வொரு தடவையும் நான்தான் தலையைக் குனிஞ்சுக்கறேன். அவன்கிட்டருந்து ஒண்ணை எடுத்தேன். ஒண்ணைக் குடுத்தாதான் கணக்கு சரியாகும். நியாயம்னா நியாயம்.

— ஓஹோ. உங்க கடனுக்கு நான் வரி கட்டணும்.

— அப்படியெல்லாம் சொல்லாதே.

— நான் சொல்லல, நீங்க எழுதியிருக்கீங்க. ராஜா பிரெஞ்சுக்காரங்களோட போட்ட சண்டைக் கடனை அடைக்க நம்ம தலையில கை வைக்கறாங்க, இது எந்த ஊர் நியாயம்னு. ரெண்டாவது பக்கம். எடுத்துத் தரட்டுமா?

— வேண்டாம். அந்தப் பக்கத்தை எழுதினவன் கையை உடைக்கணும்.

— அப்பா...

— இரும்மா. நாளைக்கு அத்தனை பேருக்கு முன்னாடி இதைச் சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை உன் முகத்தை நான் எப்படிப் பாக்கறது? சரி. குமாஸ்தாகிட்ட போய் பேரை அடிச்சிட்டு வரேன். ஆமா, உன் மனசுல யாரு? அந்தப் பீப்பாய் கட்டற பையன் ஆசாவா?

— அது அடுத்த தீர்மானம்ப்பா. அதையும் என்னைக் கேட்டுத்தான் முன்மொழியணும்.

— கொழுப்பைப் பாரு! சரி, கிரேன்கிட்டயும் நானே போறேன். இன்னொரு தரம் அவன் முன்னாடி தலை குனியறேன். கடன் கடனாவே நிக்கட்டும், வேற என்ன செய்ய?

— எந்தக் கடன்? எதையோ எடுத்தேன்னீங்களே, எதை?

— உன்னைத்தான் கெசியா.

— நான் என்ன அவர் மில்லுல அடுக்கி வெச்ச மாவு மூட்டையா, நீங்க தூக்கிட்டுப் போக?

— அட, அதில்ல. அப்ப நான் ஊருக்குப் புதுசு. கடைசி பெஞ்சுல உக்காந்து மூணு ஞாயிறா உன்னையே பாத்தேன். நீயும் ஒரு தடவை திரும்பிப் பாத்தே. அந்தப் பார்வையாலதானே அவன் வாழ்க்கை கெட்டுது!

— திரும்பினேன். உங்களுக்குப் பின்னாடி ஜன்னல் திறந்திருந்தது. குளிர் முதுகுல குத்திச்சு.

— ஜன்னலா?

— ஜன்னல்தான்.

— அப்போ எனக்காக நீ எழுந்து நிக்கலயா? ஒரு துளிகூடவா?

— எங்கப்பா என்னைக் கேக்கல. கிரேனும் கேக்கல. அதுக்காக நின்னேன். சபையே வாயைப் பொளந்துட்டுப் பாக்குது, கடைசி பெஞ்சுல ஒரு ஆள் மட்டும் சந்தோஷம் தாங்காம வாய்விட்டுச் சிரிக்கறார். வெளிய வந்துதான் விசாரிச்சேன், அந்தச் சிரிச்ச ஆள் யாருன்னு. கடனாம் கடன்! நான் எழுந்து மாட்டேன்னு சொன்னப்போ எனக்கு உங்க பேரே தெரியாதுங்க.