மைலோ வைத்த இலை

அந்த நாற்காலியில் வேண்டாம் தினேஸ்வரி, ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். தேநீரில் சீனி குறைவாகத்தான் இருக்கும். இந்த வீட்டில் அப்படியே பழகிவிட்டது.

எழுத்தாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பேட்டி என்றீர்கள். கதை எழுத வருகிறவர்கள் பின்னடைவை எப்படித் தாங்கிக்கொள்வது, தன் வழியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பரிசு வாங்கியவன் வாயால் கேட்க வேண்டும் என்றீர்கள். பதிவு ஓடட்டும். நான் படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும். எதை அச்சில் போடுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

குளுவாங்கிலிருந்து இங்கே சிம்பாங் பூலாய்க்கு மார்பிள் பட்டறை வேலைக்கு வந்தேன். கல் அறுக்கிற வேலை. பகலெல்லாம் காதில் இரைச்சல், இமையெல்லாம் வெள்ளைத் தூள். கூட இருந்தவர்கள் நேப்பாளத்துக்காரர்கள். தமிழ் பேச ஆள் இல்லாததால் எழுத ஆரம்பித்தேன். எழுதியதையெல்லாம் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பினேன். ஒன்றுகூட வரவில்லை. ஒருநாள் தைரியம் வந்து ஆசிரியருக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார்.

"சுகுமாரன், உங்க கதையில எல்லாரும் அழுவுறாங்க. ஏன் அழுவுறாங்கன்னுதான் எனக்குத் தெரிய மாட்டேங்குது," என்றார்.

அதன் பிறகு எழுதவில்லை. பின்னடைவு என்று நீங்கள் கேட்டது இதுதான். அதை நான் தாங்கிக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் நல்லம்மாள் அம்மாவின் வீட்டில், அதாவது இந்த வீட்டில், அறை கிடைத்தது. ரப்பர் தோட்டத்தை விற்று, கூலிக்காரர்கள் இருந்த லயத்தை இடித்தபோது அவருக்குக் கொடுத்த வீடு. புருஷன் சதாசிவம் இங்கே வந்த மறு வருஷமே போய்விட்டார். அம்மா செம்பனை மட்டையிலிருந்து ஈர்க்கு சீவி, துடைப்பம் கட்டிப் பசாரில் விற்றுக்கொண்டிருந்தார். பின்பக்கத்து அறையைத் திறந்து காட்டினார். புதுப் பாய், புதுத் தலையணை. சுவரில் ஒரு கண்ணாடி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"இது புனிதா ரூமு தம்பி. அவ வர்ற வரைக்கும் இருந்துக்கோ."

யார் புனிதா என்று கேட்டேன். "எம்மவ," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள் விஷயம் தெரிந்தது. இறந்தவர்களுக்குப் படையல் போட்டார். புருஷன் படத்துக்கு முன்னால் ஓர் இலை. பக்கத்தில் படம் எதுவும் இல்லாமல் இன்னோர் இலை. அதில் சோறு, கோழிக் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி மைலோ தூள்.

"இது யாருக்கும்மா?"

"புனிதாவுக்கு."

"இறந்துட்டாங்களா?"

"சே, வாயக் கழுவு. எங்கியோ நல்லா இருப்பா."

தோட்டத்தில் இருந்த காலத்தில் புனிதா ஒரு மீன் லாரிக்காரனோடு போய்விட்டிருக்கிறாள். அப்பன் தலை முழுகி, மொட்டை அடித்து, உயிரோடு இருக்கிற மகளுக்குக் கருமாதி செய்து லயத்துக்கே சோறு போட்டார். வருஷா வருஷம் படையலில் அவளுக்கும் இலை போட வேண்டும் என்பது அவர் கட்டளை. அவர் போன பிறகும் அம்மா அதை நிறுத்தவில்லை.

"நிறுத்தக் கூடாதா?" என்றேன்.

"நிறுத்திட்டா அவளுக்குன்னு ஒன்னுமே இல்லாமப் போயிருமே தம்பி. வருசத்துல ஒரு நாளாச்சும் எம்மவளுக்கு நான் சோறு போடறேன்லா." ஈர்க்கு சீவுகிற கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார். "மைலோவ கரைச்சுக் குடுத்தா குடிக்க மாட்டா. வெறுந்தூளா கையில கொட்டி நக்குவா. கழுத."

அன்று அம்மா அழவில்லை. எதற்கு அழ வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆசிரியர் சொன்னது அப்போதுதான் விளங்கியது. வழி கண்டுபிடித்தது எப்படி என்று கேட்டீர்கள், இப்படித்தான்.

எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை.

"பேர மாத்திக்கோ, ஊர மாத்திக்கோ. மைலோவ மட்டும் மாத்தாதே. அவ கண்ணுல பட்டா புரிஞ்சிக்கணும்."

அவர் எனக்குக் கதை தரவில்லை. மகளுக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். அப்போது எனக்கு அது புரியவில்லை என்று சொன்னால் பொய்.

கதை வந்தது. ஆசிரியரே கூப்பிட்டார். "இதான்யா கதை. தொடரா நீட்டுங்க. ஆனா ஒன்னு, மக வந்துறக் கூடாது. வந்துட்டா சப்புன்னு போயிரும்."

இரண்டு நாள் கழித்துப் பட்டறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு பெண். பத்திரிகையில் என் எண்ணை வாங்கியிருக்கிறாள்.

"அண்ணே, அந்தக் கதையில வர்ற அம்மா உண்மையா? எங்கம்மா பேரு நல்லம்மா. தோட்டத்துக்குப் போயிப் பார்த்தேன், லயமே இல்ல. புதுசா பங்களாவா கட்டி வச்சிருக்கான். கேக்கறதுக்கு ஒரு ஆளு இல்ல."

நான் யோசித்தேன். அதிக நேரம் இல்லை.

"கற்பனைம்மா."

"அந்த மைலோ?"

"நெறைய வீட்டுல பிள்ளைங்க மைலோவ வெறுந்தூளா தின்னுவாங்கலா."

"ஆமாண்ணே. எம்மவளும் அப்படித்தான் திங்கறா. சாரிண்ணே, வேலை நேரத்துல தொல்ல பண்ணிட்டேன்."

தெலுக் இந்தானில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அங்கிருந்து, இதோ பக்கத்தில் இருக்கிற ஈப்போவுக்குப் பஸ் இருக்கிறது. அவள் எண்ணை 'வாசகி' என்று பெயர் போட்டு வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டார். "யாராச்சும் போன் பண்ணாங்களா தம்பி?"

"பேப்பர்க்காரங்க பண்ணாங்கம்மா. கதை நல்லா இருக்காம்."

"அவ்வளவுதானா."

"அவ்வளவுதாம்மா."

மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்தார். "சாப்புடு. நல்லா எழுதியிருக்கே."

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். முழுவதும் கேளுங்கள். தொடர் வந்த ஞாயிறெல்லாம் வாசகி கூப்பிடுவாள். கதையில் வருகிற அம்மா என்ன சாப்பிட்டார், முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். பிறகு தன் கதையைச் சொல்வாள். லாரிக்காரன் விட்டுப்போனது, மகள் கவிநிலா கணக்கில் கெட்டிக்காரியாக இருப்பது. நான் அதையெல்லாம் தொடரில் வைத்தேன். அனுப்புவதற்கு முன்னால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

"பேத்தியா? பேரு என்னா வச்சே?"

"கவிநிலா."

"இந்தக் காலத்துப் பேரு. நல்லாத்தான் இருக்கு." ஈர்க்கு சீவும்போது அந்தப் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பார். அடுத்த ஞாயிறு வாசகி கூப்பிட்டு, "எம்மவ பேரையே வச்சிட்டீங்களேண்ணே," என்று சிரிப்பாள்.

மகளின் செய்தி தாய்க்கும் தாயின் செய்தி மகளுக்கும் வாரா வாரம் போய்க்கொண்டுதான் இருந்தது. வேறு யார் இவ்வளவு செய்திருப்பார்கள். இருவருமே என்னிடம் பிரியமாக இருந்தார்கள். நான் சொல்வதை யாரும் அதற்கு முன் அப்படிக் காத்திருந்து கேட்டதில்லை.

அம்மாவுக்குச் சீனி வியாதி. காலில் பட்ட ஈர்க்குக் குத்து ஆறவில்லை. விடியற்காலையில் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டப் போன காலத்துப் பழக்கம், வெறும் காப்பியில் ஒரு கரண்டி பட்டர் போட்டுக் குடிப்பார். மற்றதையெல்லாம் விட்டார், அதை விடவில்லை. ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். லீவு போட்டுக் கூடவே இருந்தேன். நர்ஸுகள் என்னை மகன் என்றே நினைத்தார்கள்.

கடைசியில் ஒருநாள் மத்தியானம், தெளிவாக இருந்தார்.

"கதையில அவ வருவாளா தம்பி?"

"வருவாம்மா."

"எப்ப?"

"கடைசி வாரத்துல."

"அப்ப சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

போன் என் சட்டைப் பையில் இருந்தது. கூப்பிட்டிருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் வந்திருப்பாள். அம்மா அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தார். கதையின் முடிவை எழுதிக்கொண்டிருந்தேன், அதனால் கூப்பிடவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொள்ளி நான்தான் வைத்தேன். பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று தாமான் குடியிருப்புக்காரர்கள் சொன்னார்கள்.

கடைசி அத்தியாயத்தில் அம்மா இறந்துபோகிறார், மகள் வரவில்லை. அந்த முடிவுக்காகத்தான் பரிசு என்று நடுவர் மேடையிலேயே சொன்னார், நீங்களும் கேட்டீர்கள். அந்த அத்தியாயம் வெளியான ஞாயிறு வாசகி கூப்பிட்டாள்.

"ஏண்ணே சாவடிச்சீங்க?"

"கதை அப்படித்தாம்மா போச்சு."

வெகுநேரம் அழுதாள். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னாள்: "இந்தத் தீபாவளிக்கு அந்த அம்மாவுக்கு ஒரு இலை போடலாம்னு இருக்கேண்ணே. கதையில வர்றவங்களுக்குப் படையல் போடறது பைத்தியக்காரத்தனமா இருக்குலா?"

"இல்லம்மா. போடுங்க."

"என்னா வைக்கட்டும்?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "காப்பி வைங்க. வெறுங்காப்பி, மேல ஒரு கரண்டி பட்டர்."



"எங்கம்மாவும் அப்படித்தாண்ணே குடிப்பாங்க."

"பால்மரம் வெட்டுன அம்மாங்க நெறைய பேரு அப்படித்தாம்மா குடிப்பாங்க."

"ஆமாண்ணே," என்றாள். அவள் எப்போதும் நான் சொல்வதை நம்புகிறவள்.

இவ்வளவுதான். தேநீர் ஆறிவிட்டது, வேறு போட்டுத் தருகிறேன். பின்பக்கத்து அறையைத்தானே பார்க்கிறீர்கள், போய்ப் பாருங்கள், பூட்டவில்லை. கண்ணாடியின் பிளாஸ்டிக் உறையை நான் இன்றுவரை பிரிக்கவில்லை. அது என்னுடையது இல்லை. அவள் வருகிறவரைக்கும் இருந்துகொள் என்றுதான் அம்மா சொன்னார். இருந்துகொண்டிருக்கிறேன்.